வயது என்னும் வேலி

மனிதனை வயதால் அளப்பது நியாயமா எனின், சிலவிடத்து நியாயமே என்பது என் அபிப்பிராயம். 2022 மே மாதம் அமெரிக்காவின் யுவால்டி நகரில், பதினெட்டு வயது வாலிபன் ஒருவன், சட்டப்படி விலைக்கு வாங்கிய துப்பாக்கியால் பள்ளிக்கூடத்திலே 19 பிள்ளைகளையும் 2 உபாத்தியாயினிகளையும் சுட்டுக் கொன்றான். அந்நாட்டில் உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டுமென்பது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். நீண்ட துப்பாக்கிக்கோ 18 போதுமாம்! பிறர் உயிரைக் காக்கும் அவ்வேலியை இன்னும் உயர்த்தினால் யார் குறை கூறுவர்?

ஆனால், எவருக்கும் தீங்கு செய்யாதவன் முன் வேலியிடுவது வேறு காரியம். 2020 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார், உபாத்தியாயர் நேரடி நியமனத்திற்குப் பொதுப் பிரிவினருக்கு 40, ஏனையோருக்கு 45 என வயது வரம்பு விதித்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே, தன் ஊழியர் ஓய்வு பெறும் வயதை 58-லிருந்து 59 ஆக்கியது; 2021-இல் அது 60 ஆயிற்று. உள்ளே இருப்பவர் அறுபது வரை பாடஞ் சொல்லலாம். வெளியே நிற்பவரோ நாற்பத்தொன்றிலேயே கிழவர்! இளைஞருக்கு இடம் வேண்டுமே என்பர் சிலர். இடம் வேண்டுமாயின் ஓய்வை ஏன் தள்ளிப் போட்டனர்?

ஜொகூர்த் தோட்டமொன்றில் செக்ரோல் எழுதும் கிராணி நான். செம்பனைக் குலை வெட்டுவோர் வயது எங்கள் புத்தகத்திலும் உண்டு. கூலி போடும்போது எண்ணுவது குலையைத்தான்.

வறுமையால் காலந்தாழ்த்திப் படித்தவரும், பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் பரீட்சை தேறிய தாய்மாருமே அவ்வரம்பில் அகப்பட்டவர்கள். 2023-இல் அது 53, 58 என உயர்ந்தது. நேற்றுவரை தகுதியற்றிருந்த அவர்களுக்கு, ஓர் உத்தரவு பிறந்த அன்றே அறிவு முளைத்துவிட்டதா?