காசின் அளவும் கண்ணின் நியாயமும்

மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பிப்பவன் நான். என் பாடம் தமிழ். எனினும் ஆசிரியர் பற்றாக்குறையினால் தொடர்பாடல், ஊடகக் கல்வியும் என் பொறுப்பாயிற்று. சென்ற தவணையிற் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி அளித்தேன். 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. இம்மாற்றத்தைப் படத்தினால் உணர்த்த வேண்டும். பின்னர், தாம் செய்ததைப்பற்றித் தாமே சிந்தித்து ஒரு பக்கம் எழுதவும் வேண்டும்.

ஒரு மாணவி இரு காசுகளை வரைந்திருந்தாள். முதலாவதன் விட்டம் மூன்று சென்ரிமீற்றர்; மற்றையதன் விட்டம் ஆறு. ஒளியும் நிழலும் அழகுற அமைந்திருந்தன. இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளிகள் இட்டேன். கொப்பி வீட்டுக்குச் சென்று மீண்டபோது அவள் எழுதியிருந்த பக்கம் என்னைத் தலைகுனிய வைத்தது.

“அம்மா படத்தைப் பார்த்து, ‘இம்புட்டுப் பெரிய காசு எந்தத் தோட்டத்துல குடுக்குறாங்க?’ என்று கேட்டார். அதன்பின்தான் கணக்கிட்டேன். விட்டத்தை இரட்டித்தேன், பரப்பு நான்கு மடங்காகிவிட்டது. பொய் சொல்ல நான் நினைக்கவில்லை. என் படம் சொல்லிவிட்டது. இதற்கு யார் பொறுப்பு?”

கணித வகுப்பிற் சிறுவரும் அறிந்த உண்மை எனக்குத் தோன்றவில்லை. கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் கண்ணுக்குத் தோன்றியது. சம்பளத்தின் உண்மையான அளவை அவர் கை அறிந்திருந்தமையே காரணம். ஆனால், தோட்டத்தையே காணாத ஒருவர் அப்படத்தைப் பார்த்திருப்பின்? தொழிலாளியின் வாழ்வு நான்கு மடங்கு செழித்துவிட்டதென்று மகிழ்ந்து போயிருப்பார். சொல்லப்பட்டதை நாம் மறுத்துக் கேட்கலாம். காட்டப்பட்டதையோ, கேள்வி எழுமுன்பே கண் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஆகவே, நினையாமற் பிறந்த பொய்க்கும் வரைந்தவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். அதற்கு அழகுப்புள்ளி இட்ட ஆசிரியனும் பொறுப்பேற்க வேண்டும்.

இச்சிக்கலை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எதிர்கொண்டவர் ஒட்டோ நொய்ராத். 1925 இல் வியன்னா நகரிலே சமூக, பொருளாதார அரும்பொருட்காட்சியகமொன்றை நிறுவிய அவர், வீடு, தொழில், நோய், வருமானம் பற்றிய புள்ளிவிவரங்களைச் சாதாரண தொழிலாளரும் விளங்கிக்கொள்ளுமாறு படங்களாக்கினார். ஓவியர் கேர்ட் ஆர்ன்ற்ஸ் அப்பணியில் அவருக்குத் துணை நின்றார். அவர்கள் வகுத்த முதல் விதி எளியது: அதிக அளவைக் காட்டுவதற்கு உருவத்தைப் பெருப்பிக்கலாகாது, ஒரே அளவான உருவங்களின் எண்ணிக்கையையே கூட்ட வேண்டும். 1934 இல் சர்வாதிகார ஆட்சி அக்காட்சியகப் பணியை முடக்க, நொய்ராத் நாட்டுக்கு வெளியே அகதியாக வாழ நேர்ந்தது. அவருடைய முறை மட்டும் உலகெங்கும் பரவியது. அந்த விதியை வெறும் வரைதல் நுட்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பார்ப்பவர் தாமே எண்ணிச் சரிபார்க்கும் உரிமையை அது காக்கிறது.

இவ்விதியை வகுப்பில் விளக்கிய மறுவாரம், சம்பள உயர்வு கோரும் சுவரொட்டியொன்றை வரையுமாறு கூறினேன். அதே மாணவி பெரியதோர் அரிசி மூட்டையையும் அதன் பக்கத்திற் கடலைமணி அளவில் ஒரு காசையும் வரைந்தாள். வரைந்துவிட்டு, “சேர், முன்பு கம்பனிக்கு நன்மையாகப் பொய் சொன்னேன். இப்போது அம்மாவுக்கு நன்மையாகச் சொல்கிறேன். இது சரியா?” என்று வினவினாள்.

முற்போக்காளர் எனத் தம்மைக் கருதும் நாம் யாவரும் விடை சொல்லவேண்டிய வினா இது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். அச்சலுகையை நாடுவோர் ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். பணமும் பத்திரிகையும் உடையவர் ஒரு பொய் வெளிப்பட்டால் மற்றொன்றை அச்சிடுவர். தொழிலாளியின் பக்கத்தில் நிற்பவனிடம் இருப்பது, அவன் சொல்வதை மக்கள் நம்புவது ஒன்றே. அது போயின் அவனது உண்மையும் எடுபடாது. மேலும், எவருக்காகப் போராடுகிறோமோ அவரையே ஏமாற்றித் திரட்டும் இயக்கம் அவரை மதிப்பதாகாது.

அப்படியாயின் வறுமையை மங்கலாகத்தான் காட்டவேண்டுமா? அம்மாணவியே விடை கண்டாள். நூறு ரூபாவுக்கு ஒரு காசென ஒரே அளவிற் கீறி, ஒரு வரிசையில் ஐந்தும் மறு வரிசையிற் பத்தும் அமைத்தாள். ஆனால், அதே ஆண்டுகளில் அரிசியும் மாவும் விலையேறின அல்லவா? காசை மட்டும் காட்டினால் அளவு சரி, செய்தி குறை. ஆகவே, அந்தந்த ஆண்டில் ஒரு நாட்சம்பளம் எத்தனை கிலோ அரிசி வாங்கியதென்று கடைக்காரரிடம் கேட்டறிந்து, ஒவ்வொரு வரிசையின் கீழும் அத்தனை சிறு பைகளை வரைந்தாள். காசு வரிசை இரட்டித்திருந்தது. அரிசி வரிசை அவ்வாறு இரட்டிக்கவில்லை. மிகைப்படுத்திய முதற் சுவரொட்டியைவிட இதுவே நெஞ்சைச் சுட்டது.

அப்படத்தைத் தாய் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாராம். எண்ணி முடித்தபின், “இது சரி” என்றாராம்.

முன்பு இட்ட பதினெட்டுப் புள்ளிகளை நான் திருத்தவில்லை; அது என் பிழையின் சாட்சியாகக் கொப்பியில் இருக்கட்டும். இப்போதெல்லாம் ஒரு படத்துக்குப் புள்ளியிடுமுன், அது யாரைப்பற்றியதோ அவரிடம் காட்டிவருமாறு மாணவரை அனுப்புகிறேன். எழுதுவோரும் வரைவோரும் தம் ஆக்கங்களை அச்சேற்றுமுன் இவ்வாறு ஒருமுறை அனுப்பிப்பார்த்தல் நலம்.