திரையில் கண்டதும் திரைக்குப் பின் நின்றதும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசற்படி இறங்குகையில், நன்கு தெரிந்த அன்பர் ஒருவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்துத் தொழில் நடத்துபவர்; தொழுகை தவறாதவர்; வயது நாற்பதை நெருங்குகிறது. புதிதாக வந்த திரைப்படம் ஒன்று முஸ்லிம்களை வெடிகுண்டு வைப்போராகக் காட்டுகிறது என்றும், அதனைக் குறித்துத் தணிக்கைக் குழுவிடம் முறையிட வேண்டும் என்றும் அத்தாளில் எழுதப்பட்டிருந்தது. நாம் கையெழுத்திட்டோம். இட்டதில் தவறில்லை என்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கையில் பழைய நிகழ்ச்சி ஒன்று நெஞ்சில் வந்து நின்றது. அந்நிகழ்ச்சியில் அவரும் இருந்தார், நாமும் இருந்தோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் அவருடைய முறையீட்டின் நியாயத்தைப் பார்த்துவிடுவது முறை.

தமிழ்த் திரைப்படம் முஸ்லிமை எவ்வாறு காட்டி வந்திருக்கிறது? "குலேபகாவலி" 1955-இலும், "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-இலும் வந்தன. அவற்றில் அரண்மனைகளும் குகைகளும் இருந்தன. முஸ்லிம் பெயர்கள் இருந்தன. நம் தெருவில் நடமாடும் முஸ்லிம் இல்லை. 1961-இல் பீம்சிங் இயக்கத்தில் வந்த "பாவ மன்னிப்பு" நம் வீடுகளில் பெரிதும் போற்றப்பட்ட படம். சிவாஜி கணேசன் அதில் ரஹீமாக வந்தார். ரஹீம் நல்லவன், பிறர்க்கு உழைப்பவன். ஆனால் அவன் பிறப்பால் முஸ்லிம் அல்லன். முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்டவன். இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அக்காலத்தின் நல்லெண்ணம் அவ்வளவு தூரம் நடந்து அங்கே நின்றது என்று மட்டும் குறிக்கிறோம்.

பின்னர்த் திரையில் 'பாய்' வந்தார். கட்டம் போட்ட கைலி, அகன்ற பச்சை இடுப்புவார், தலையில் தொப்பி, கழுத்தில் தாயத்து. வாய் திறந்தால் உருதுவும் தமிழும் உடைந்து கலந்த ஒரு பேச்சு. இந்தத் தமிழை எந்தத் தெருவில் கேட்டு எழுதினார்களோ, நாம் அறியோம். கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் மேலப்பாளையத்திலும் முஸ்லிம்கள் பேசுவது நல்ல நெல்லைத் தமிழ். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் எட்டயபுரம் இங்கிருந்து அரைநாள் பயணங்கூட இல்லை. அந்த மண்ணின் மக்கள் திரையில் ஏறியவுடன் அவர்களுக்குத் தமிழ் தடுமாறிவிடுகிறது!

நகைப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். 1992-இல் வந்த "ரோஜா"வில் ஒரு காட்சி. தேசியக் கொடி எரிகிறது. கதைநாயகன் அதன்மேல் பாய்ந்து தீயை அணைக்கிறான். அதே வேளையில் தீவிரவாதி தொழுது கொண்டிருப்பது மாறி மாறிக் காட்டப்படுகிறது. தொழுகையைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே பேசப்படவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. நெருப்பும் ஸஜ்தாவும் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டால் காண்பவர் மனமே அவ்விரண்டையும் முடிந்துகொள்ளும். சங்கரன்கோவில், சிவனும் திருமாலும் ஓருருவாய் நிற்கும் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஆடித்தபசுக் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் கடைத்தெருவில் தோளுரசி நடக்கிறோம். பூச்சந்தையிலும் தறிக்கூடத்திலும் ஒருவரையொருவர் நேரில் அறிவோம். நேரில் அறிந்தவரிடம் திரையின் பொய் எளிதில் செல்லாது. முஸ்லிம் அண்டை வீட்டாரே இல்லாத ஊரில் வளரும் பிள்ளைக்கோ, திரையில் கண்டவரே முதல் முஸ்லிம். அவனுக்குப் பல காலம் அவரே கடைசி முஸ்லிமும் ஆவார்.

2012-இல் "துப்பாக்கி"க்கும், 2013-இல் "விஸ்வரூப"த்துக்கும் நம்மவர் எதிர்ப்புத் தெரிவித்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். விஸ்வரூபம் தமிழ்நாட்டில் தடுத்து வைக்கப்பட்டு, சில இடங்களில் ஒலியை நீக்க இசைவு ஏற்பட்ட பின் பிப்ரவரி 7 அன்று வெளிவந்தது. தடை கேட்டது சரியா என்பதில் நமக்குள்ளேயே வேறுபாடு உண்டு. படத்தைத் தடுப்பதினும் படத்துக்கு மறுமொழி எழுதுவதே மேல் என்பது நம் கட்சி. எனினும் புண்பட்டோம் என்பது பொய்யன்று.

இனிப் பழைய நிகழ்ச்சிக்கு வருவோம்.

ஆண்டு 2007. "சிவாஜி" என்னும் படம் ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரு பெண்கள் வருகிறார்கள். முகத்தில் கரிய பூச்சுப் பூசி நிறுத்தப்பட்டவர்கள். அவர்களைக் கண்டு கதைநாயகன் அஞ்சி ஒதுங்க வேண்டும், கொட்டகை சிரிக்க வேண்டும். கதையில் அவர்களுக்கு வேறு வேலை இல்லை. பட்டிமன்றத்தில் நாம் மதிக்கும் சாலமன் பாப்பையா அவர்கள் அப்பெண்களின் தந்தையாக வந்தார். பெண்களுக்கு இட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பை ஆண்ட பாரியின் மகளிர்க்குப் பிற்கால வழக்கு சூட்டிய பெயர்கள் அவை. பாரி மாண்ட பின் கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு மணம் பேசக் குறுநில மன்னர்களிடம் சென்றதையும், அவர்கள் மறுத்ததையும் புறநானூறு அறிந்தோர் அறிவர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மறுக்கப்பட்ட பெண்களை மீண்டும் அழைத்து வந்து மறுத்துச் சிரித்தார்கள். அதே படத்தில் கதைநாயகன் தன் கருமையைப் போக்க என்னென்னவோ செய்கிறான். ஒரு பாட்டில் அவனைக் கணினியின் துணையால் வெள்ளையனாகவே மாற்றிக் காட்டினார்கள்.

அந்த மாதத்தில் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைக்குப் பெண் பார்க்கச் சென்றோம். முன்னறையில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள், நடுவே கதவில் ஒரு துணித்திரை. மாப்பிள்ளையின் தாயார் உள்ளே சென்று பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "புள்ள குணமான புள்ளதான். நல்லா ஓதியிருக்கா. நிறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள், உடன் வந்திருந்த இளைஞர், "அங்கவையா, சங்கவையா பெரியம்மா?" என்றார். அறை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். திரைக்கு அப்பால் தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி கேட்டது. தேநீரை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் திரையருகே வந்து நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் புலப்பட்டது. தேநீரைப் பிறகு அவளுடைய தந்தை வாங்கி வந்து கொடுத்தார்.

பேச்சு அன்றோடு நின்றது. இஸ்திகாரா தொழுது பார்த்ததில் மனம் இசையவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நிறத்தின்மேல் கொண்ட வெறுப்பை ஒரு தொழுகையின்மேல் ஏற்றி அனுப்பிய அத்துணிவை நினைக்க இன்றும் நாம் கூசுகிறோம். அன்று நகையாடிய இளைஞரே சென்ற ஆண்டு தாளை நீட்டிய அன்பர்.

அந்தச் சிரிப்பு யாருடையது என்பதே நம்மை வருத்தும் கேள்வி. படம் எடுத்தவருடையது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் நகைச்சுவை என்பது கொட்டகை சிரித்தால்தான் முற்றுப் பெறும்; சிரிக்காவிட்டால் அது பாதியிலே செத்துவிடும் சரக்கு. கொட்டகை இருட்டில் நாம் கொடுத்த சிரிப்பை வெளியே எடுத்து வந்து ஒரு வீட்டின் முன்னறையில் செலவழித்தோம். சினிமாவே நமக்கு ஆகாது, பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கும் பெரியோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: அந்தப் பெண் கொட்டகை வாசலை மிதித்தவளே அல்லள். அவள் பாராத படம் அவளைத் தேடி வீட்டுக்குள் வந்தது. கொண்டு சேர்த்தவர்கள் தொழுகையாளர்களாகிய நாம்.

வேடிக்கைப் பேச்சுக்கு இவ்வளவு கணக்கா என்பாரும் உளர். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் வேடிக்கை பேசியதுண்டு. ஆனால் வேடிக்கையிலும் உண்மையல்லாததைத் தாம் சொல்வதில்லை என்றார்கள். திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்துப் பதினோராம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுதலை விலக்குகிறது. அத்தோடு நில்லாமல், பெண்கள் பெண்களை எள்ளுவதைத் தனியே எடுத்துச் சொல்கிறது. பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் விலக்குகிறது. ஆண்கள் நகையாட, பெண்கள் நிறம் பார்க்க, ஒரு பெண்ணுக்குப் பட்டப்பெயர் விழுந்த அந்த முன்னறை இம்மூன்றையும் ஒரே நொடியில் மீறியது. இரண்டு வசனம் கழித்து, மனிதர்கள் ஒருவரையொருவர் அறிவதற்காகவே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதாக வருகிறது. மக்கா வெற்றியின்போது கறுப்பு நிறத்தவரான ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொன்னதைக் கண்டு சிலர் முகம் சுளித்தபோதே அவ்வசனம் அருளப்பட்டது என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர்.

இதனினும் நம்மைத் தைப்பது அபூதர் (ரலி) அவர்களின் செய்தி. அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தார்கள். அந்த ஒருவர் பிலால் அவர்களே என்றும், தாயின் கருநிறமே இழிவாகச் சொல்லப்பட்டது என்றும் அறிஞர் பலர் கொள்வர். நபியவர்கள் அபூதரை நோக்கி, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் தன்மை இருக்கிறது என்றார்கள். அபூதர் யார்? தொடக்க நாளிலேயே இஸ்லாத்தில் இணைந்தவர். எளிமைக்கும் வாய்மைக்கும் பெயர் பெற்றவர். அவரிடமே அது ஒளிந்திருந்தது என்றால், ஐந்து வேளையும் நாம் கேட்கும் பாங்கொலியில் பிலாலை நினைத்துக்கொண்டு, அதே பள்ளிவாசலை விட்டு வெளியே வந்து, பெண் நிறமா என்று விசாரிக்கும் நம்மிடம் எவ்வளவு இருக்கும்! 'நிறமான பெண்' என்றாலே சிவந்த பெண் என்று பொருள் கொள்ளும் வழக்கு நம்முடையது. கருமை ஒரு நிறமே அன்று போலும்.

திரையின் கதையும் இதுவே. கறுத்த ஆண்மகனைத் தமிழர் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ரஜினிகாந்தும் விஜயகாந்தும் சான்று. அவர்களுக்கு இணையாக நிற்கும் பெண்ணுக்கு மட்டும் சிவப்பு வேண்டும். அதற்காக வடக்கேயிருந்து ஆள் வர வேண்டும். கறுத்த பெண்ணின் துயரையே கதையாகக் கொண்ட "நானும் ஒரு பெண்" 1963-இல் வந்தது. நல்ல படம். ஆனால் அதற்கும் விஜயகுமாரிக்குக் கரும்பூச்சுப் பூசித்தான் நடிக்க வைத்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வறட்சியைக் காட்டிய "தண்ணீர் தண்ணீர்" (1981) படத்தில் சரிதா வந்தார். தம் சொந்த நிறத்தோடு வந்தார். நம் பக்கத்துப் பெண்ணாகவே தோன்றினார். அதே சரிதாதான் பின்னாளில் சிவந்த நடிகையர் பலர்க்குத் தம் குரலை இரவலாகக் கொடுத்தார். குரல் வேண்டும், முகம் வேண்டா என்ற அந்த ஏற்பாட்டை யாரும் அநீதி என்று அழைத்ததாக நமக்கு நினைவில்லை.

முஸ்லிம் பெண்ணின் நிலையோ இன்னும் விந்தை. 1995-இல் வந்த "பம்பாய்" படத்தின் ஷைலா பானு, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண். அவளாக நடித்தவர் நேபாளத்து மனிஷா கொய்ராலா. திறமையான நடிகை என்பதில் ஐயமில்லை. ஆனால் காற்றில் விலகும் புர்காவுக்குள் தமிழ்நாடு எதிர்பார்த்த முகம் எது என்பதை அத்தேர்வு சொல்லிவிடுகிறது. கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் வாசற்படியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுள் பெரும்பாலோர் மாநிறமும் கருநிறமுமே. அவர்களைத் திரை அழைத்ததில்லை. 1975-இல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு அவர்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. 2020-இல்தான் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீங்கியது. பெயர் போயிற்று, களிம்பு கடையில் இருக்கிறது.

ஆப்பிரிக்கரைப் பற்றியும் ஒரு சொல். "சிங்கம் 2" (2013) படத்தில் ஓர் ஆப்பிரிக்கர் போதைப்பொருள் கடத்தல் தலைவனாக வந்தபோது, பிலாலின் கண்டத்தைச் சேர்ந்தவர் என்று நம்முள் எவர் முணுமுணுத்தார்? இயக்குநர் முஸ்தஃபா அக்காத் 1976-இல் நபிகளாரின் வரலாற்றைப் படமாக்கியபோது, ஆங்கிலப் பதிப்பில் பிலாலாக வந்தவர் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த ஜானி செக்கா. பூச்சுத் தேவைப்படவில்லை.

அன்பரிடம் இவற்றையெல்லாம் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. தேநீர்க் கடையில் அமர்ந்து, 2007-இல் சொன்ன வேடிக்கை நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். அவருக்கு நினைவில்லை. "நானா சொன்னேன்?" என்றார். மெய்யாகவே மறந்திருந்தார். எந்த வீடு என்று சொன்னதும் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியவர்களின் வரிசையில் அந்தத் தந்தையின் பெயரும் இருந்தது. போவதா வேண்டாவா என்று கேட்டார். போவோம் என்று நாமும் உடன் நடந்தோம்.

பெரியவர் இப்போது தளர்ந்திருக்கிறார். நாங்கள் இருவரும் வந்த காரணத்தைச் சொல்லி மன்னிக்கக் கேட்டோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது என்னுது இல்லையே, நான் மன்னிக்க. அவ தென்காசியில இருக்கா. ரமலானுக்கு வருவா, வந்து கேளுங்க" என்றார். முறையீட்டுத் தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முழுவதும் படித்துப் பார்த்து, தம் பெயரை எழுதிக் கொடுத்தார்.