கண்ணி கண்ணியாக

விடிவதற்கு முன் பறித்த மல்லிகை மொட்டு அன்று பொழுது சாய்ந்ததும் விரியத் தொடங்கிவிடும். விரிந்த பூவைக் கட்டுவது பெரும்பாடு. விரல் அழுந்தினாலே இதழ் கன்றிப் பழுப்பேறும். ஆகவே கட்டுகிறவருக்குக் கிடைப்பது அது மொட்டாக இருக்கும் அந்தப் பகல்பொழுது மட்டும்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மல்லிகையிடம் தவணை கேட்க முடியாது. அன்றாடத்தின் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளைப் பற்றியும், இருக்கிற இடத்தில் மனசோடு இருப்பதைப் பற்றியும் யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது பூக்கட்டுவதுதான்.

மதுரைப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதன் இதழ் தடிப்பானது என்பதையும் ஒரு தனித்தன்மையாகச் சொன்னார்கள். அந்தத் தடிப்பை என் அப்பத்தா விரலாலேயே அறிந்திருந்தாள். மொட்டை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு இது நம்மூரு, இது வெளியூரு என்று பிரித்துச் சொல்வாள்.

எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நகத்தால் கிழித்து மெல்லிய இழையாக்கிக்கொள்வாள். நூல் கூடாது, நூல் காம்பை அறுக்கும், நார் ஈரம் குடித்துப் பூவையும் வாடாமல் வைத்திருக்கும் என்பது அவள் கட்சி. இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு. காம்போடு காம்பு சேர, எதிர்ப்பக்கம் பார்த்து இன்னும் இரண்டு. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் வளைத்து, காம்புகளின் மேல் மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி. இதுவரை வாயால் சொல்லிவிடலாம். எவ்வளவு இழுப்பது என்பதைச் சொல்லவே முடியாது. கொஞ்சம் கூடினால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். கொஞ்சம் குறைந்தால் அப்போதைக்குத் தெரியாது. தலையில் வைக்கும்போது வரிசையாக உதிரும். நான் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவேன். “எம் மூஞ்சியில என்னடி இருக்கு? காம்பப் பாரு” என்பாள்.

அந்த இழுப்பில்தான் விஷயமே இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதோ பாத்திரம் விளக்கும்போதோ மனம் எங்கே போனாலும் யாரும் கேட்பதில்லை. பாத்திரம் அதுபாட்டுக்குச் சுத்தமாகிவிடும். பூக்கட்டும்போது அப்படித் தப்பிக்க முடியாது. இந்த மாதத் தவணை, அலுவலகத்தில் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல், அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று மனம் கிளம்பிய அடுத்த நொடியே கண்ணி தளர்கிறது. விரலுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. திரும்பி வர வேண்டியிருக்கிறது. மறுபடி போகிறது, மறுபடி வருகிறது. ஒரு முழம் முடிவதற்குள் எத்தனையோ முறை. மனத்தைக் காலியாக்கிக்கொண்டு உட்காருவது எனக்கு ஒருநாளும் கைகூடியதில்லை. திரும்பி வருவது கூடுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 2,250 பேரை, அவர்களுடைய கைபேசி வழியாக, நாளின் ஏதோ ஒரு நேரத்தில் மறித்து மூன்று கேள்விகள் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா வேறெங்காவது இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள். 46.9 சதவீத வேளைகளில் மனம் கையில் இருந்த காரியத்தில் இல்லை. ஏறக்குறைய பாதி வாழ்க்கை. அப்படி அலைந்துகொண்டிருந்தபோது அவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாகவே இருந்தார்கள். இனிமையான ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னவர்கள்கூட, செய்கிற காரியத்தில் மனம் வைத்திருந்தவர்களைவிடக் கூடுதலாக மகிழ்ந்துவிடவில்லை. என்ன வேலை செய்தார்கள் என்பதைவிட, அந்த வேலையில் மனம் இருந்ததா என்பதே அவர்கள் மகிழ்ச்சியைப் பற்றி அதிகம் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மகிழ்ச்சிக்கு வேறு ஊருக்கோ வேறு வேலைக்கோ போக வேண்டியதில்லை என்றால் இந்த மடியும் இந்த நாரும் போதும். ஆனால் “இந்தக் கணத்தில் வாழுங்கள்” என்று வெறுமனே சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெறும் கணத்தை எப்படிப் பிடிப்பது? பிடித்துக்கொள்ள அதில் ஏதாவது இருக்க வேண்டும். காம்பு இருக்க வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிறவருக்கு விரலிடுக்கில் நழுவும் மாவு அது, வீணையில் உட்காருகிறவருக்குத் தந்தி. கைக்கு ஒரு பொருளும், அந்தப் பொருளிடமிருந்து உடனுக்குடன் ஒரு பதிலும் கிடைத்தால் மனம் தானாக வந்து உட்காருகிறது.

நம் பக்தி மரபு இதை ஆழமாக அறிந்திருந்தது என்றே நினைக்கிறேன். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டினார். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் அதையே செய்தார். அவர் திருவுருவத்தில் பூக்குடலையும் இருக்கும். பெரியபுராணம் சொல்லும் திருப்புகலூர் முருக நாயனார் விடியும் முன் எழுந்து, மரத்துப் பூ, கொடிப் பூ, நீர்ப் பூ, நிலப் பூ என்று நான்கு வகையையும் பறித்து வெவ்வேறு கூடையில் இடுவார். பிறகு கோவை, இண்டை, தாமம், கண்ணி, பிணையல், தொடையல் என்று ஒவ்வொன்றையும் அதனதன் முறைப்படி தொடுப்பார். சேக்கிழார் இந்த வகைகளை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய அற்புதம் எதையும் எதிர்பார்க்காமல், தினமும் வாடப்போகிற ஒன்றைத் தினமும் புதிதாகச் செய்துகொண்டிருந்த மனிதரை நாயன்மார்களில் ஒருவராக வைத்திருக்கிறார்கள்.

மகிழ்ச்சி எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறேன். கட்டத் தொடங்கும்போது மொட்டில் மணம் அதிகம் இருக்காது, ஒரு பச்சை வாசனைதான். கண்ணியில் கண் வைத்துக் கட்டிக்கொண்டே போகையில், எந்த நொடி என்று சொல்ல முடியாத ஒரு நொடியில், மடியிலிருந்து மணம் எழுந்துவிட்டது தெரியும். இரவில் திரியும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான் இந்த இனத்துப் பூக்கள் இருட்டும் நேரத்தில் மணக்கின்றன என்கிறார்கள். நமக்காக இல்லை. அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முன்கூட்டி வராது. வேலையில் இருக்கிறவருக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அப்பத்தாவுக்கு முப்பது வயதைத் தாண்டும் முன்பே தாத்தா போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் தலையில் ஒரு மொட்டுகூட ஏறவில்லை. தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல்நாள் சாயங்காலம் அவளிடம்தான் பூ வரும். கட்டிக் கொடுப்பாள், மறுநாள் மணவறைப் பக்கம் போகமாட்டாள். போகக் கூடாது என்றிருந்தது. கட்டும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்திருக்கிறேன், அது உண்மை. அந்த நிறைவைக் காட்டி, பார், அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அவளுக்குச் சேர வேண்டிய பூவை ஊர் எடுத்துக்கொண்டது. சிறு மகிழ்ச்சி ஒருத்திக்கு இருக்கிறது என்பதால் பெரிய அநியாயம் சிறியதாகிவிடாது.

கூலிக்குப் பூக்கட்டும் பெண்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். அவர்கள் காம்பைப் பார்ப்பதே இல்லை. கை தானாக ஓடும். வாய் பக்கத்தில் இருப்பவளோடு மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, நேற்றுப் பார்த்த சீரியல் என்று பேசிக்கொண்டே இருக்கும். விரல் நுனி நாரில் அறுபட்டுக் காய்த்துப்போயிருக்கும். கட்டுகிற அளவைப் பொறுத்துக் காசு என்பதால் நிற்கவும் நேரமில்லை. அவர்களுக்கு மகிழ்ச்சி பூவில் இல்லாமல் அந்தப் பேச்சில் இருக்கலாம், பேச்சிலும் மனசோடுதான் இருக்கிறார்கள். கூலி கூடினால் இன்னும் நன்றாக இருக்கும். நான் கால் கிலோவை மடியில் கொட்டிக்கொண்டு ஆற அமர உட்காருகிறேன் என்றால், அந்தச் சாயங்காலம் எனக்குச் சொந்தமாக இருப்பதால்தான்.

மார்கழி, தை மாதங்களில் பனியில் விளைச்சல் குறைந்து, பொங்கலை ஒட்டி மல்லி கிலோ ஆயிரங்களில் போகும். நான் பக்கமே போகமாட்டேன், கனகாம்பரத்தோடு சரி. பங்குனி பிறந்து வெயில் ஏறினால் விலை இறங்கிவிடும். எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் அப்போது உதிரியாகக் கேட்டு வாங்குவேன். அவருக்கு இது பிடிபடுவதே இல்லை. “கட்டுனதே நாலு முழம் இருக்கேம்மா, எடுத்துட்டுப் போயி வைக்காம எதுக்கு உக்காந்து கெடக்குற?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். “கட்டணும் போல இருக்குக்கா” என்பேன். தராசில் நிறுத்த பிறகு ஒரு பிடி மொட்டை அள்ளிக் கூடப் போட்டு, நாரையும் சும்மாவே கொடுப்பார்.