பட்டனிலிருந்து விரலை எடு!

மோட்டார் முனகுகிறது. கேட்கிறதா உனக்கு?

கேட்கிறது. ஆனாலும் ரிமோட்டை அழுத்திய விரலை எடுக்க மறுக்கிறாய். "இன்னும் நாலடிதான், இழுத்துவிடும்" என்கிறாய்.

அந்த நாலடியில்தான், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சுகள் எரிகின்றன!

உண்மையைச் சொல். விரலை அங்கே பிடித்து வைத்திருப்பது வீரமா? இல்லை. பயம்! நிறுத்தினால் தோற்றுவிட்டான் என்பார்களே என்ற பயம். மேட்டில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்ற பயம்.

உன் பயத்துக்கு மோட்டார் ஏன் வேக வேண்டும்?

வின்ச்சின் அருமை தெரிய வேண்டுமா? போட்டிக் களத்தைப் பார். 1997-இல் மலேசியக் காடுகளில் தொடங்கிய வண்டிப் போட்டி ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச். 2014-இல் அது கோவாவுக்கும் வந்தது. அடைமழைக் காலத்தில்தான் நடத்துகிறார்கள். சேறு வேண்டும் என்பதற்காகவே!

செஞ்சேற்றில் வண்டி அச்சுவரை புதைகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில். கூட்டாளி முழங்கால் சேற்றில், கயிற்றை இழுத்துக்கொண்டு மரத்தை நோக்கி ஓடுகிறார். கடிகாரமும் ஓடுகிறது. அந்த இடத்தில் வின்ச் செத்தால், உன் குதிரைத்திறன் எதற்கு உதவும்?

"நான் மெக்கானிக் இல்லையே!" என்கிறாயா? இந்தச் சாக்கு வேண்டாம். பெருக்கல் தெரியுமா? போதும், வா!

நாலு டன்னுக்கு மேல் இழுக்கும் 12 வோல்ட் வின்ச், முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் வரை கேட்கும். பெருக்கிப் பார். 4,800 வாட்! வீட்டில் இருக்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஏறத்தாழ ஐந்து, உன் பம்பருக்குள் ஒரே நேரத்தில் எரிகின்றன.

அதில் பாதிக்கும் மேல் வண்டியை இழுக்கப் போவதே இல்லை. வெறும் சூடாகப் போகிறது!

அந்தச் சூடு எங்கே போகும்? தண்ணீர் புகாதபடி மூடிய மோட்டார். விசிறி கிடையாது. செம்புச் சுருளின் எனாமல் பூச்சு உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது, வெளி உறை இன்னும் இளஞ்சூட்டில்தான் இருக்கும். நீ தொட்டுப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்கிறாய். உறை கையைச் சுடும் நேரத்தில் உள்ளே நிலைமை எங்கோ போயிருக்கும்!

டிரம் சுழலாமல் நின்றுவிட்டாலோ, இன்னும் மோசம். சுழலும் மோட்டார் தனக்குள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, பாயும் மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்தும். நின்ற மோட்டாருக்கு அந்தக் காப்பு இல்லை. மின்னோட்டம் உச்சத்தில், அசைவு சுழியத்தில். உள்ளே போகும் அத்தனையும் வெப்பம்!

இன்னுமா அழுத்துகிறாய்?

"விலை கொடுத்து வாங்கியது, தாங்கும்" என்கிறாயா? தாங்காது! மின்சார வின்ச் விட்டுவிட்டு உழைப்பதற்கென்றே செய்யப்பட்டது. கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை என்றைக்காவது பிரித்தாயா?

கொஞ்சம் இழு. நிறுத்து. ஆறவிடு. பாரம் கூடக்கூட இழுக்கும் நேரம் குறையட்டும், ஆறும் நேரம் கூடட்டும்.

என்ஜினை மட்டும் அணைக்காதே. 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரால் 400 ஆம்பியர் கொடுக்க முடியுமா? மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கிறது. பேட்டரி தளர்ந்தால் மோட்டார் மெதுவாகும், இழுவை நீளும், சூடு ஏறும். மோட்டார் ஆறும் நேரம் பேட்டரி நிறையும் நேரமும்கூட.

நீ மட்டும் சும்மா நிற்கலாமா? மண்வெட்டியை எடு! சக்கரத்துக்கு முன்னால் குவிந்த சேற்றை வெட்டித் தள்ளு. டயர் காற்றைக் குறை. நீ வெட்டி எறியும் ஒவ்வொரு கூடைச் சேறும் மோட்டார் சுமக்காத பாரம்!

அடுத்து, கப்பி. சொல், கப்பி உன் வண்டியில் இருக்கிறதா? இருக்கிறது. சீட்டுக்கு அடியில், வாங்கிய உறையோடு! மாட்ட நேரம் ஆகும் என்பதால்தானே அதைத் தொடுவதில்லை?

மரத்தில் அகலப் பட்டியைச் சுற்று. அதில் கப்பியைக் கோத்துக் கயிற்றை உன் வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாட்டு. கயிற்றின் இழுவிசை ஏறத்தாழ பாதியாகும். மரத்தின் மேல் விழும் விசை கயிற்று விசையைப்போல் இருமடங்கு, அதனால் உறுதியான மரமாகப் பார்.

கயிற்றின் பாரம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். அது பாதியானால், சுருளில் ஒவ்வொரு நொடியும் பிறக்கும் வெப்பம் பாதியா ஆகும்? இல்லை, கால்வாசி! வண்டி மெதுவாகத்தான் வரும். வரட்டுமே! இருமடங்கு நேரம் இழுத்தாலும் மொத்தச் சூடு பாதிதான்.

இன்னொரு லாபமும் உண்டு. கயிறு அதிகம் வெளியே போவதால் டிரம்மின் அடிச்சுற்றுக்கு வந்துவிடுகிறாய். வின்ச்சின் முழுப் பலம் அந்த அடிச்சுற்றில்தான்! மேலே ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் இழுவை குறைகிறது. பெட்டியில் அச்சடித்த எடையை நம்பி, டிரம் நிறையக் கயிற்றை வைத்துக்கொண்டு இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கயிற்றை வெளியே விட மோட்டாரை ஓட்டாதே. கிளட்சை விடுவித்துக் கையால் இழு. பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு கயிற்றை விட்டால் அந்தப் பிரேக் கொதிக்கும், செயற்கை நார்க் கயிறு உருகும்.

கொதிக்கும் மோட்டார்மேல் பள்ளத்துத் தண்ணீரை ஊற்றாதே. சட்டென்று குளிரும் உறை, நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரியையும் கவனி. முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? இன்றே சுரண்டு!

ஏற்கெனவே ஒரு மோட்டாரை எரித்தவனா நீ? "எனக்கு இது சரிப்படாது" என்று ஒதுங்கி நிற்கிறாயா?

யார் சொன்னது? அந்த மோட்டாரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதே. கழற்று! கருகிய சுருளைப் பார். தேய்ந்த பிரஷ்ஷைப் பார். எந்த இழுப்பில் அது முனகியது, எந்த இழுப்பில் நீ கேட்கவில்லை என்று நினைவுபடுத்திப் பார். எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது!

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காய்ந்த தரைக்குக் கொண்டுபோ. கப்பியின் உறையைக் கிழி. கப்பியை மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு. கையுறை போட்ட கையோடு, மழை இருட்டிலும் தடுமாறாமல் மாட்டும்வரை விடாதே!