பிறவாத பிள்ளையின் ஹக்கு

வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் ஹக்கு உண்டு. தகப்பன் மௌத்தாகிவிட்டால், பிறவாத பிள்ளைக்கென வாரிசுப் பங்கை நிறுத்தி வைக்கச் சொல்கிறது ஷரீஅத். சிசுவுக்குக் கேடு வருமென அஞ்சும் தாய், ரமளான் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யவும் அனுமதியுண்டு. அப்படியிருக்க, அப்பிள்ளையின் உயிரைக் காக்கும் மருந்தே பிற்காலத்தில் அதற்கு ஊறு செய்யக்கூடுமானால் பெற்றோர் என்ன செய்வது?

ஏழாம் மாதத்திலேயே பிரசவ வலி கண்டால், நுரையீரல் முதிராத குழந்தை பிறந்ததும் மூச்சுத் திணறும். ஆகவே தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியை 12 மணிக்கு ஒன்றாக 4 முறை போடுகிறார்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று 2014இல் மத்திய அரசு வழிகாட்டியது.

இவ்வகை ஊசியின் பயனை 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் வைத்தியர்கள் வெளியிட்டனர். அவர்களுடைய ஆய்வில் பிறந்தவர்களை 30 வயதில் பரிசோதித்தபோது இரத்த அழுத்தத்தில் வேற்றுமை இல்லை. இன்சுலின் வேலை செய்வதில் மட்டும் சிறு மந்தம் தென்பட்டது. இந்தியாவும் பங்குகொண்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில் சிசு மரணம் குறைந்தது. அதே ஆண்டு பின்லாந்து ஆய்வொன்று மறுபக்கத்தைக் காட்டியது. ஊசி பெற்றும் மாதம் நிறைந்தே பிறந்த குழந்தைகளில் 100க்குச் சுமார் 9 பேருக்கு மனநல, நடத்தைக் குறைகள் காணப்பட்டன. ஊசி பெறாமல் மாதம் நிறைந்து பிறந்தோரில் சுமார் 6 பேருக்கே. ஊசிதான் காரணமென்று இது நிரூபிக்கவில்லை, எச்சரிக்கிறது.

பெருந்தீங்கைத் தடுக்கச் சிறு தீங்கைப் பொறுக்கலாம் என்பது ஃபிக்ஹு விதி. குறைப்பிரசவம் மெய்யாகவே நெருங்கும்போது ஊசிக்கு இணங்குவது அமானிதத்தைக் காப்பதாகும். “எதற்கும் ஒன்று போட்டு வைப்போம்” என்பதோ, பிள்ளையின் ஹக்கில் கை வைப்பதாகும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வாரக் கணக்கு வேண்டும். ஒரகடம் போன்ற தொழிற்பேட்டைகளில் பிழைப்புக்காக வந்து வாடகை அறையில் குடியிருப்போரின் ஸ்கேன் சீட்டு சொந்த ஊரில் கிடந்தால், வைத்தியர் எதைக் கொண்டு முடிவு செய்வார்? சகோதரிகளே! கடைசி மாதவிலக்குத் தேதி, ஸ்கேன் சீட்டு, ஊசி போட்ட நேரம் யாவும் கைவசம் இருக்கட்டும். ஊசியின் அவசியத்தைத் தயங்காமல் கேளுங்கள். அச்சீட்டைப் பிள்ளை வளரும்வரை பத்திரப்படுத்துங்கள். வாரிசுப் பங்கைப் போல் அதுவும் அப்பிள்ளைக்குச் சேர வேண்டியதே.

நம் அமானிதங்களைப் பேண அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.