சொன்னதை எப்போது நம்பலாம்?

கடகடக்கிறது என்று ராயவரத்திலிருந்து என்னிடம் வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று. உள்ளே பீங்கான் தேன்கூடு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அது உடைந்தால் துண்டுகள் உருண்டு கடகடவென்று சத்தம் வரும் என்பது உண்மைதான்.

சத்தத்தைக் கேட்டு உடைப்பை முடிவு செய்வது, சைவ சித்தாந்த வகுப்பில் படித்த கணக்கில், கருதல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில், அறியும் வழிகளான அளவைகளைக் காட்சி, கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்றாக அடக்கினார். மணிமேகலையில் அறவண அடிகள் உரையைத் தனி அளவையாக ஏற்காமல் இரண்டோடு நிறுத்துகிறார். பௌத்தருக்கு அது போதும். என் தொழிலுக்குப் போதவில்லை.

நெருப்பில்லாமல் புகை வராது. ஆனால் கன்வெர்ட்டர் உடையாமலும் கடகடப்பு வரும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்தாலும், உள்ளே தடுப்புத் தகடு கழன்றாலும், மேலே மூடிய ஹீட் ஷீல்டு ஆடினாலும் வரும். இவற்றில் எது என்று கருதல் தானாகச் சொல்லாது.

வண்டிக்காரப் பையனைக் கேட்டேன். "காலையில ஸ்டார்ட் பண்ணதும் கேக்குதுண்ணே. திருமயம் தாண்டுறதுக்குள்ள நின்னுடுது."

அந்த ஒரு பேச்சு போதும். பீங்கான் உடைந்திருந்தால் சூடேறியபின்னும் அடங்காது. சூட்டில் விரிந்து இறுகுவது தகடு. ஆறிய வண்டியை ஏற்றி, அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். சைலன்சர் 'தொம்' என்றது. கன்வெர்ட்டரில் அசைவில்லை. ஷீல்டைத் தொட்டதும் 'சிலீர் சிலீர்' என்று நடுங்கியது. அலுமினியத் தகடு இரும்பு போல்ட்டைச் சுற்றி அரித்து, ஓட்டை பெரிதாகியிருந்தது. அகலமான வாஷர் வைத்து முடுக்கினேன். கழற்றி எறிந்தாலும் சத்தம் நிற்கும்; செய்யக் கூடாது. கன்வெர்ட்டர் 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும். நம் ஊர்ச் சாலைகளில் அறுப்புக்குப்பின் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அடியில் சிக்கினால் வண்டியே எரிந்துபோகும்.

பையனின் உரை வண்டிக்கு உதவியது. கடவுள் விஷயத்திலும் உரைதான் கேள்வி. கடவுளைக் கண்டவர் யார், யாரோ சொன்னதைத்தானே நம்புகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஆம், அதைத்தான் நம்புகிறேன். உலகம் செய்யப்பட்டது, ஆகவே செய்தவன் உண்டு என்ற கருதல் 'ஒருவன் உண்டு' என்பதோடு நின்றுவிடுகிறது. அவன் எப்படிப்பட்டவன் என்பதைப் பட்டவர் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஷீல்டைத் தட்டிப் பார்த்ததுபோல் அவனைத் தட்டிப் பார்க்க வழியில்லை. உலகப் பொருள்கள் வழி வரும் பாச ஞானத்துக்கும், உயிரின் சொந்த அறிவான பசு ஞானத்துக்கும் பதியாகிய இறைவன் எட்டான் என்றே சித்தாந்தமும் சொல்கிறது. ஆகவே சொல்கிற ஆளைப் பார்க்கிறேன். அறிந்து சொல்கிறாரா, பொய் சொல்வதால் அவருக்கு ஏதாவது லாபம் உண்டா? சுண்ணாம்புக் காளவாயில் அடைத்த பிறகும் அப்பர் தன் பேச்சை மாற்றவில்லை என்கிறது பெரியபுராணம். மாற்றியிருந்தால் உயிருக்கு ஆபத்தே இருந்திருக்காது.