திறவுகோல் ஒரு கையில். பூட்டு மறு கையில்!

பூட்டுக்குப் பேர்பெற்றது திண்டுக்கல். அந்த மாவட்டத்தின் ஆத்தூர் வட்டத்திலே உள்ளது சித்தையன்கோட்டை. பட்டம் பெற்றும் வேலை கிட்டாமல் அங்கே திண்ணையில் அமர்ந்திருக்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவன் கையிலே கைப்பேசி. அதிலே கணக்குப் பதிவும் கணினி மொழியும் கற்பிக்கும் வகுப்பு. திரையில் தோன்றும் ஆசான் அவனுடைய குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை, கட்டைவிரலைக் காணிக்கையாகவும் கேட்பதில்லை!

இது சிறு மாற்றமன்று. 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டம், பாதிநேரம் பள்ளிக்கூடம், மீதிநேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி அது என்று கூறிக் கொதித்தெழுந்தது நம் இயக்கம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே தமிழகத்தில் 2022 மார்ச் 1-இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமோ, அப்பன் தொழிலை அன்று, அறிவு நாடும் தொழிலைக் கற்றுக்கொள் என்கிறது. மகிழ்கிறோம், வரவேற்கிறோம்.

மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா? அதே மாவட்டத்துத் தோட்டனூத்துக்குச் செல்வோம். ஈழத்தில் நடந்த இனக்கொடுமைக்குத் தப்பி, 1983 முதல் கடல் கடந்து வந்த தமிழர்களும் அவர்தம் மக்களும் வாழும் மறுவாழ்வு முகாம் அங்கே உண்டு. 2022 செப்டம்பரில் அவர்களுக்கென 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. முகாம்களில் வாழ்வோரில் 5,000 பேருக்குத் தொழில்திறன் பயிற்சி அளிக்கப்படும் என்று 2021 ஆகஸ்டிலேயே தமிழக அரசு அறிவித்தது. நற்செயல்கள், மறுப்பாரில்லை.

முகாம் இளைஞனும் அதே பாடத்தை அதே திரையில் கற்கிறான் என்று கொள்வோம். அதே தேர்வை எழுதுகிறான். அதே மதிப்பெண்ணைப் பெறுகிறான். அதன் பிறகு? குடியுரிமைச் சான்று எங்கே என்கிறது ஒரு வாயில். கடவுச்சீட்டு எங்கே என்கிறது மற்றொரு வாயில். அவன் பிறந்தது இந்த மண்ணில். குடித்தது இந்த ஊர்த் தண்ணீர். ஆயினும், 1987 சூலை 1-க்குப் பின் பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லையெனில், பிறப்பால் குடியுரிமை கிடையாது என்கிறது சட்டம். 2019-இல் வந்த திருத்தமும் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோர்க்குக் கதவைத் திறந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழரை மறந்தது. முடிவு என்ன? பட்டம் பெற்றவன் சுவருக்கு வர்ணம் அடிக்கும் கூலியாகிறான்!

தோழர்களே! பிறந்த சாதி ஒருவனுடைய தொழிலை முடிவு செய்யலாகாது என்று போராடியவர்கள் நாம். பிறந்த முகாம் முடிவு செய்தால் மட்டும் வாளாவிருப்போமா? பெயர் மாறினால் கொடுமை மாறிவிடுமா?

"எங்களுக்கே வேலையில்லை, அவர்களுக்குமா?" என்று சித்தையன்கோட்டை இளைஞன் கேட்கக்கூடும். கேட்பதிலே குற்றமில்லை, பசி கேட்க வைக்கிறது. ஆனால் அவன் சிந்திக்க வேண்டும். உரிமையற்றவன் கூலியைப் பேரம் பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்வான். அவனைக் காட்டித்தான் முதலாளி இவனுடைய கூலியையும் குறைப்பான். அவன் நிமிர்ந்தால்தான் இவன் முதுகும் நிமிரும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "உன் வறுமைக்குத் தலைவிதி காரணம்" என்றான் பழைய புரோகிதன். "உன் வறுமைக்கு உன் திறமைக்குறைவே காரணம்" என்கிறான் புதிய புரோகிதன். தொழிற்சாலை இல்லாத ஊரிலே, உரிமை இல்லாத முகாமிலே, திறன் மட்டும் சோறு போடுமா? போடாதபோது பழியைக் கற்றவன் தலையில் கட்டுவது, கர்மபலனுக்குக் கணினி வேடம் போடுவதன்றி வேறென்ன?

பயிற்சி வேண்டாம் என்று கூறவில்லை நாம். பயிற்சி திறவுகோல். அதை ஒரு கையால் கொடுத்துவிட்டு, மறு கையால் பூட்டையே பிடுங்கி மறைத்துக்கொள்வது ஈகையன்று, ஏளனம். கற்றுக்கொள் என்று சொல்பவருக்கு, கற்றவன் நிற்க இடம் தரும் கடமையும் உண்டு. வேலையற்றவனுக்கு வேலை, நாடற்றவனுக்குக் குடியுரிமை: இரண்டையும் ஒரே குரலில் கேட்போம். சித்தையன்கோட்டையும் தோட்டனூத்தும் சேர்ந்து கேட்கட்டும். பூட்டு திறந்தே தீரும்!